புடைக்க முடியாத காற்று

அரிசி வாங்கினால் முறத்தில் போட்டுப் புடைத்துக் கல் பொறுக்குகிறோம். பருப்பில் வண்டு இருக்கிறதா என்று தட்டில் பரப்பிப் பார்க்கிறோம். கீரையை நாலு தண்ணீர் விட்டு அலசுகிறோம். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி ஆற வைக்கிறோம். வசதி இருப்பவர்கள் வடிகட்ட மெஷினே வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் வரும் ஒவ்வொன்றையும் இப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொள்கிற நாம், ஒன்றை மட்டும் வந்தது வந்தபடியே உள்ளே விட்டு விடுகிறோம். அதுதான் காற்று.

கொஞ்சம் கணக்குப் பாருங்களேன். ஒரு பெரியவர் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீர் இரண்டு, மூன்று லிட்டர். சுவாசிக்கும் காற்றோ சுமார் 11,000 லிட்டர்! வெயில் காலத்தில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருப்போமே, அந்தத் தண்ணீர் லாரி ஒன்று ஏறக்குறைய அவ்வளவுதான் கொள்ளும். தினமும் ஒரு லாரிக் காற்று நம் நெஞ்சுக்குள் போய் வருகிறது. அதைப் புடைக்க முறமும் இல்லை, வடிகட்டத் துணியும் இல்லை.

நான் விஞ்ஞானம் படித்தவள் அல்ல. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றது. பிறகு கல்யாணம், குழந்தைகள், அடுப்படி. ஆனால் என் இரண்டாவது பிள்ளைக்கு நாலு வயதில் இழுப்பு ஆரம்பித்த நாளிலிருந்து, இந்தக் காற்றைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். புரியாததை நாலு பேரிடம் கேட்டேன். ஒரு தாய்க்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டுமோ அவ்வளவையாவது நம் சகோதரிகளோடு பகிர்ந்து கொள்ளலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு துணியின் கனம்

வானத்தைப் பார்த்தால் காற்று முடிவே இல்லாமல் மேலே போய்க்கொண்டிருப்பது போலத் தோன்றும். "இவ்வளவு பெரிய ஆகாசத்தில் நம்ம புகை என்ன பண்ணிடும்?" என்று என் மாமியார்கூடக் கேட்பார்கள். உண்மை அப்படி இல்லை. உலகத்தில் உள்ள மொத்தக் காற்றில் சரிபாதி, தரையிலிருந்து ஐந்தரை கிலோ மீட்டர் உயரத்துக்குள்ளேயே அடங்கி விடுகிறது. ஐந்தரை கிலோ மீட்டர் என்றால் எவ்வளவு? ஆட்டோ பிடித்தால் கால் மணியில் போய்ச் சேரும் தூரம்.

பூமியை ஒரு முழு நீளக் குறுக்களவு கூட இல்லாத, 30 சென்டி மீட்டர் பூசணிக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை, மேகம், புயல் எல்லாம் நடக்கிற காற்று அடுக்கு அந்தப் பூசணிக்காயின் மேல் அரை மில்லி மீட்டர்கூட வராது. ஒரு மெல்லிய துணியைப் போர்த்தியது போலத்தான். அந்தத் துணிக்குள்ளேதான் நாம், நம் குழந்தைகள், மரம், மாடு, பறவை எல்லாம் மூச்சு விடுகிறோம். அதற்குள்ளேயேதான் புகையையும் விடுகிறோம்.

இந்தக் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு பிராண வாயு. மீதி ஒரே ஒரு பங்கில்தான் மற்ற எல்லாமே. கரியமில வாயு அதிலும் ஒரு சிட்டிகை. நிலக்கரியை மலை மலையாக எரிக்க ஆரம்பிக்கும் முன், பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958-ல் ஹவாய்த் தீவின் மலை ஒன்றில் இதைத் தினமும் அளக்க ஆரம்பித்தபோது 315 ஆகியிருந்தது. இப்போது 420-ஐத் தாண்டி விட்டது. சிட்டிகைதானே என்று நினைக்காதீர்கள். குழம்பில் உப்பும் சிட்டிகைக் கணக்குத்தான். கூடினால் வாயில் வைக்க முடிகிறதா? இந்தச் சிட்டிகை கூடினதால்தான் பூமியின் சூடு வெளியே போகாமல் தங்கி, வெயில் ஏறிக்கொண்டே போகிறது.

அடுப்பு சொல்லிக் கொடுத்த பாடம்

எரிவது என்றால் என்ன என்பது நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? எங்கள் அம்மா வீட்டில் திரி ஸ்டவ் இருந்தது. திரியைச் சமமாகக் கத்தரித்து, துளைகளை அடைப்பில்லாமல் துடைத்து வைத்தால் நீலமாக எரியும். திரி கோணலாகி விட்டாலோ, மண்ணெண்ணெய் கலப்படமானாலோ, மஞ்சளாகக் கொழுந்து விட்டுப் புகையும். அன்றைக்குப் பாத்திரத்தின் அடியைத் தேய்க்கச் சாம்பலும் புளியும் போதாது.

அந்தக் கரிதான் விஷயம். மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், சமையல் வாயு, நிலக்கரி எல்லாமே ஒரே குடும்பம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இருந்த செடிகொடிகளும் நுண்ணுயிர்களும் மண்ணுக்கடியில் புதைந்து, அழுத்தமும் சூடும் பட்டு இப்படி ஆனவை. எரியும்போது அதிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராண வாயுவோடு சேர்ந்து கரியமில வாயு ஆகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைதான் இருக்கும். ஆனால் அது எரிந்து வெளியே வரும் கரியமில வாயு 2.3 கிலோ! எங்கிருந்து வந்தது கூடுதல் எடை? நாம் மூச்சு விடும் காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட பிராண வாயுவின் எடை அது. நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு வானத்துக்குப் போயிருக்கும்.

சரியாக எரியாத மிச்சம்தான் புகைக்கரி. பாத்திரத்தின் அடியில் ஒட்டினால் தேய்த்து விடலாம். நெஞ்சுக்குள் ஒட்டினால்?

இதில் கண்ணுக்குத் தெரியும் கரும்புகையைவிடத் தெரியாத தூள்தான் பொல்லாதது. 2.5 மைக்ரான், அதற்கும் கீழே என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் தலைமுடியின் கனத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் வரும். மூக்கு முடியும் தொண்டைச் சளியும் பெரிய தூசியைப் பிடித்து வைத்து விடும். இதைப் பிடிக்க முடியாது. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய் உட்காரும். அதில் சில, ரத்தத்திலும் கலந்து இருதயம் வரை போகும். கர்ப்பிணிப் பெண்கள் இந்தக் காற்றை அதிகமாகச் சுவாசித்தால் குழந்தை எடை குறைவாகவும், மாதம் நிறையாமலும் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இன்னொன்றும் உண்டு. கடும் சூட்டில், காற்றிலேயே இருக்கிற நைட்ரஜனும் பிராண வாயுவும் ஒன்றுசேர்ந்து நைட்ரஜன் டை ஆக்ஸைடு என்கிற எரிச்சல் வாயு உண்டாகிறது. டீசல் என்ஜினில் இது நிறைய. நம் காஸ் அடுப்பின் அழகான நீலக் கொழுந்திலும் கொஞ்சம் உண்டு. சமைக்கும்போது ஜன்னலைத் திறக்க வேண்டும் என்பது தாளிப்பு நெடிக்காக மட்டும் இல்லை, தெரிகிறதா?

"வீடு எங்கம்மா இருக்கு?"

எங்கள் வீடு சென்னையில் ஒரு பெரிய ரோட்டை ஒட்டி, முதல் மாடியில் இருக்கிறது. கீழே பஸ் ஸ்டாப். பஸ் நின்று கிளம்பும்போதெல்லாம் முன் அறை ஜன்னல் கண்ணாடி அதிரும். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் சாயங்காலம் விரலை வைத்தால் மை தொட்டது போல இருக்கும். மண் தூசி செம்மண் நிறத்தில் இருக்கும், இது கறுப்பு.

சின்னவனுக்கு முதலில் சாதாரணச் சளி என்றுதான் கஷாயம் வைத்தோம். மாமியார் வெற்றிலையும் ஓமமும் வைத்துப் பார்த்தார்கள். பிறகு ராத்திரியில் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. இரண்டு விலாவுக்கும் நடுவில் சதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிள்ளை படுக்க மாட்டான். என் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவான். அந்த ராத்திரிகளில் கடிகார முள் நகர்வதே இல்லை என்பது, இழுப்புக் குழந்தையை வைத்திருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும்.

இரண்டு, மூன்று டாக்டர்களிடம் காட்டினோம். எல்லோரும் நல்ல மருந்துதான் கொடுத்தார்கள். ஆனால் ஒரு லேடி டாக்டர்தான், "வீடு எங்கம்மா இருக்கு? குழந்தை எந்த ரூம்ல படுக்கிறான்?" என்று கேட்டார்கள். ரோட்டுப் பக்கத்து அறை என்றேன். "முதல்ல அவனைப் பின் ரூமுக்கு மாத்துங்க. மருந்து ஒரு பக்கம் கொடுத்துக்கிட்டே, இன்னொரு பக்கம் புகையையும் கொடுத்தா எப்படி?" என்றார்கள். அதுவரைக்கும் யாரும் கேட்காத கேள்வி அது.

வீட்டையே மாற்றி விடுங்கள் என்று சொல்வது சுலபம். உள் தெருவில் வாடகை அதிகம். என் கணவருக்கு வேலைக்குப் போக இந்த பஸ் ஸ்டாப்தான் வசதி. பெரியவளின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. ஆகவே வீடு அதேதான். வீட்டுக்குள் இடத்தை மாற்றினோம். ஸ்டோர் ரூமாக இருந்த பின் அறையைக் காலி செய்து பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். சாமான்கள் எல்லாம் முன் அறைக்கு வந்தன. வருகிற விருந்தாளிகள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். இருக்கட்டுமே!

மருந்து, அறை மாற்றம், வளர்கிற வயது எல்லாம் சேர்ந்து இப்போது அவனுக்கு இழுப்பு வருவது குறைந்திருக்கிறது. ஒன்பது வயது ஆகிறது. போன மழைக்காலத்தில் ஒரே ஒரு ராத்திரிதான் உட்கார்ந்திருந்தோம்.

லண்டனில் ஒரு தாய்

அந்த டாக்டர் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்பது, லண்டனில் நடந்த ஒரு வழக்கைப் படித்தபோது எனக்குப் புரிந்தது.

எலா அடூ-கிஸி-டெப்ரா என்று ஒரு பெண் குழந்தை. லண்டன் நகரின் தென்கிழக்கில், வண்டிகள் ஓயாத சவுத் சர்க்குலர் ரோட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் வீடு. ஆறு வயதுவரை ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தைக்கு 2010-ல் கடுமையான ஆஸ்துமா வந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் முப்பது தடவை போல ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். 2013 பிப்ரவரியில் இறந்து விட்டாள். அப்போது ஒன்பது வயது முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

2014-ல் நடந்த முதல் விசாரணையில் மூச்சுத் திணறல் என்று எழுதி முடித்து விட்டார்கள். தாய் ரோஸமண்ட் ஆசிரியையாக இருந்தவர். "ஏன் வந்தது?" என்ற கேள்வியை அவர் விடவில்லை. ஸ்டீபன் ஹோல்கேட் என்ற பேராசிரியர், குழந்தைக்கு இழுப்பு வந்த நாட்களையும் அங்கே காற்றை அளந்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அறிக்கை கொடுத்தார். 2019-ல் உயர் நீதிமன்றம் பழைய முடிவை ரத்துச் செய்தது. 2020 டிசம்பரில் மறு விசாரணை நடத்திய அதிகாரி, குழந்தை இறந்ததற்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று எழுதினார். பிரிட்டனில் ஒருவரின் மரணக் காரணத்தில் காற்று மாசு என்று எழுதப்பட்டது அதுவே முதல் தடவை. முக்கியமாக வண்டிப் புகை என்றும், நைட்ரஜன் டை ஆக்ஸைடு அளவு மீறி இருந்தது என்றும் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். அதைப் படித்தபோதுதான் எனக்கு நெஞ்சு கனத்தது. காற்று மாசு குழந்தையின் ஆஸ்துமாவைக் கிளப்பும் என்ற விவரம் அந்தத் தாய்க்குச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் அவர் அதற்கேற்ப ஏதாவது செய்திருப்பார் என்பதுதான் அது. அத்தனை தடவை ஆஸ்பத்திரி வாசலை மிதித்த தாய்க்கு, "வீடு எங்கே?" என்று கேட்டு, இதைச் சொல்ல ஒருவரும் இல்லை!

அதனால்தான் சொல்கிறேன். டாக்டர் கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். "எங்க வீடு மெயின் ரோட்டு மேல இருக்கு டாக்டர்", "பக்கத்துல ஜெனரேட்டர் ஓடுது", "நிலக்கரி யார்டு பக்கம் இருக்கு" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அலர்ஜிக்கு என்ன சாப்பிட்டான் என்று சொல்கிறோமே, அதைப் போல இதுவும் ஒரு விவரம்.

பள்ளி வாசலில்

குழந்தையின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கார், வேன் ஆகியவற்றின் புகைக் குழாய்க்கு நம் முகத்தைவிட அவர்கள் முகம்தான் பக்கம். தவிர, குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். நாம் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை என்றால், பிறந்த குழந்தை நாற்பது முதல் அறுபது தடவை. உடம்பு எடைக்குக் கணக்குப் பார்த்தால் அவர்கள் இழுக்கும் காற்றுதான் அதிகம்.

எங்கள் பள்ளிக்கூட வாசலில் மணி அடிப்பதற்கு அரை மணி முன்பே வேன்களும் ஆட்டோக்களும் வந்து நிற்கும். பாதி வண்டிகள் என்ஜினை நிறுத்துவதில்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லாம் அந்தப் புகைக்குள் இறங்கி வருவார்கள். நாங்கள் ஆறு தாய்மார்கள் சேர்ந்து ஒரு நாள் பேசிப் பார்க்கலாம் என்று போனோம்.

ஒரு வேன் டிரைவர், "ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆகாதுக்கா. பேட்டரி வீக்கா இருக்கு. ஓனர் மாத்தித் தர மாட்டேங்கிறார்" என்றார். இன்னொருவர் எங்களைக் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தால், "எங்களுக்கு மட்டும் நெஞ்சு இல்லையாக்கா? காலையில ஆறு மணியிலேருந்து நாங்கதானே இதைக் குடிக்கிறோம்" என்றார். அவருக்கும் ஒரு வருஷமாக இருமல். எங்கள் பிள்ளைகளைவிட அதிகப் புகையில் நிற்பவர் அவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு டிரைவர்களோடு பேசுவது கஷ்டமாகவே இல்லை.

கஷ்டம் கார்க்காரர்களிடம்தான். "ஏ.ஸி. இல்லாம உள்ளே எப்படி உட்கார்றது?" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். கடைசியில் எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டுத் தலைமை ஆசிரியைக்குக் கடிதம் கொடுத்தோம். அவர்கள் வாசலில் ஒரு போர்டு வைத்து, பெற்றோருக்குச் சுற்றறிக்கையும் அனுப்பினார்கள். இப்போது வேன்கள் எதிர்ப்புறம் வேப்ப மரத்தடியில் என்ஜினை நிறுத்தி நிற்கின்றன. பேட்டரி வீக்கான வேன் கடைசியாக வந்து நிற்கும். கார்களில் பாதிப் பேர் கேட்கிறார்கள், பாதிப் பேர் கேட்பதில்லை. அந்தப் பாதியாவது குறைந்ததே!

மார்கழியும் போகியும்

"மார்கழி விடியற்காலைக் காற்றுல ஓசோன் நிறைய இருக்கும். நெஞ்சுக்கு ரொம்ப நல்லது" என்று என் மாமியார் சொல்வார்கள். நம்மில் பலரும் கேட்டு வளர்ந்ததுதான். ஓசோன் வானத்தில் மிக உயரே இருந்தால் வெயிலின் தீய கதிர்களைத் தடுக்கும். தரையில் இருந்தால் நுரையீரலை அரிக்கும். அதுவும் தரையில் அது உண்டாவது வண்டிப் புகையின் மேல் வெயில் படும்போது. இருட்டில் உண்டாகாது.

பனிக்கால விடியலில் வேறொரு சங்கதி நடக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகக் கீழேயே கிடக்கும்; அதன் மேல் சூடான காற்று நிற்கும். சட்டிக்கு மூடி போட்டது போலத்தான். புகை மேலே போக வழியில்லை. வெயில் ஏறி, காற்று அசைந்த பிறகுதான் மூடி திறக்கும். அதனால் போகி அன்று விடியற்காலையில் கொளுத்துகிற புகை முழுவதும் தெருவிலேயே தங்குகிறது. 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே இறங்க முடியாமல் தவித்தது பலருக்கு நினைவிருக்கும். பழைய டயர் என்பது பெட்ரோலியத்திலிருந்து வந்த ரப்பரும் புகைக்கரியும் சேர்ந்த பொருள். அதைக் கொளுத்தினால் வருவது விஷப் புகை. போகிக்குப் பழையதைக் கழிக்க வேண்டியதுதான். பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டாலும் கழித்ததுதானே?

கோலம் போடுவதை விடச் சொல்லவில்லை. குனிந்து நிமிர்வது உடம்புக்கு நல்லது. இழுப்புக் குழந்தையை மட்டும் அந்த நேரத்தில் ரோட்டுக்கு அழைத்து வர வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

எங்கள் வீட்டில் செய்து பார்த்து, டாக்டரிடமும் கேட்டுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

ரோட்டுப் பக்க ஜன்னல்களைக் காலை எட்டு முதல் பத்து வரையிலும், மாலை ஆறு முதல் ஒன்பது வரையிலும் சாத்தி வையுங்கள். பிற்பகலில் திறங்கள். அப்போது காற்று நன்றாக அசைந்து புகையைக் கலைத்து விடும். கடலோர ஊர்களில் கடற்காற்றும் வரும். ரோட்டுக்கு எதிர்ப்பக்க ஜன்னலை நாள் முழுக்கத் திறந்து வைக்கலாம்.

கூட்டினால் கறுப்புத் தூள் பறக்கும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். அடுப்பு எரியும்போது ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ கட்டாயம். அடுப்பு மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். இழுப்புக் குழந்தை இருக்கும் வீட்டில் கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். தொட்டிச் செடிகள் கண்ணுக்குக் குளிர்ச்சி. அவை அறைக் காற்றைச் சுத்தப்படுத்தி விடும் என்று நம்பி ஜன்னலை மறந்து விடாதீர்கள். துணியை மூக்கில் கட்டுவதால் இந்த நுண்ணிய தூள் நிற்காது. அதற்கென்று என் 95 முகக் கவசம் இருக்கிறது.

மருந்து விஷயத்தில் ஒரு வார்த்தை. "பஃப் பழகிப் போயிடும், கொடுக்காதே" என்று அக்கம் பக்கத்தில் சொல்வார்கள். மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும் என்பதுதான் அதன் நன்மை. சின்னக் குழந்தைகளுக்கு ஸ்பேஸர் குழாய் வைத்துக் கொடுங்கள். முடிந்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். நன்றாகி விட்டது என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். விலா இழுத்து, பேச முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காற்றின் நிலையைத் தெரிந்துகொள்ள 2015 முதல் நம் நாட்டில் ஒரு எண் தருகிறார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' என்ற ஆப்பில் போனிலேயே பார்க்கலாம். 50 வரை நல்லது. 100 வரை பரவாயில்லை. 200-ஐத் தாண்டினால் மோசம். அன்றைக்கு இழுப்புக் குழந்தையை வெளியே ஓடி விளையாட விட வேண்டாம். எங்கள் பெரியவள்தான் தினமும் பார்த்துச் சொல்கிறாள்.

கரண்டையும் மறக்காதீர்கள். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. ஒரு யூனிட்டுக்கு அறுநூறு, எழுநூறு கிராம் நிலக்கரி எரிய வேண்டும். நம் ஊர் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சாம்பலாகவே இருக்கும். யாரும் இல்லாத அறையில் நம் ஃபேன் சுற்றும்போது, அத்திப்பட்டிலோ மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ ஒரு தாயின் ஜன்னல் கட்டையில் அந்தக் கறுப்பு படிகிறது. ஸ்விட்சை அணைப்பது பில்லுக்காக மட்டும் இல்லை.

கேட்டால் மாறும்

"நாம என்ன செய்தாலும் இதெல்லாம் மாறப் போகுதா?" என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு சங்கதிகள்.

1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாட்கள், நான் மேலே சொன்ன அதே மூடி விழுந்தது. வீட்டுக்கு வீடு குளிருக்கு எரித்த நிலக்கரிப் புகையும், ஆலைப் புகையும் கீழேயே தேங்கின. பகலிலேயே முன்னால் போகிறவரைத் தெரியவில்லை. 4,000 பேர் இறந்தார்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள்; பிற்கால ஆராய்ச்சி 12,000 வரை சொல்கிறது. 1956-ல் சட்டம் வந்தது. வீட்டு அடுப்பில் புகையும் நிலக்கரியை எரிப்பது பல பகுதிகளில் தடை செய்யப்பட்டது. அந்தப் புகைமூட்டம் போயே போயிற்று.

இரண்டாவது, பெட்ரோல். என்ஜின் தட்டாமல் ஓட வேண்டும் என்று 1920-களிலிருந்து அதில் ஈயம் கலந்தார்கள். அந்த ஈயம் புகையாக வந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. டாக்டர்களும் பெற்றோர்களும் விடாமல் கேட்டார்கள். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு அது நின்றது. 2021-ல் உலகத்திலேயே கடைசி நாடாக அல்ஜீரியாவும் நிறுத்தியது. நம் பிள்ளைகளின் ரத்தத்துக்குள் போயிருக்க வேண்டிய ஒரு விஷம், யாரோ கேட்டதால் போகாமல் நின்றிருக்கிறது.

காற்றை நாம் புடைக்க முடியாது. ஆனால் அதில் கல்லைப் போடாதே என்று சொல்ல முடியும். அடுத்த முறை குழந்தையை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, மருந்துச் சீட்டோடு இரண்டு விவரங்களையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள்: வீடு எங்கே இருக்கிறது, குழந்தை எந்த அறையில் தூங்குகிறது. அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லி விடுங்கள்.